120 வோல்ட் நாட்டுல ஹீட்டர் போட்டா பில் ரெட்டிப்பாகுமா?

நாகலூர்:
ஏற்காட்டுல இருந்து கனடாவுல டொராண்டோ ஸ்கார்பரோ வந்திருக்கோம், பேஸ்மென்ட் வீடு. இங்க பிளக்ல 120 வோல்ட்தான். "வோல்ட் பாதின்னா ஆம்பியர் ரெட்டிப்பா இழுக்கும், பில்லும் ரெட்டிப்பாகும், 240 வோல்ட் ஹீட்டர் மாட்டிக்கோங்க"ன்னு சொல்றாங்க. சரிங்களா? ஊர்ல இருந்து கொண்டாந்த 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு, மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர் மூணும் இருக்கு. அதையெல்லாம் என்ன பண்றது?

குகை:
ஒரே வாட் உள்ள ஹீட்டருக்கு ஆம்பியர் ரெட்டிப்பாகும்ங்கறது சரி. பில் ஆகாது. மீட்டர் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வர்ற வாட்டைத்தான் மணிக்கணக்குல கூட்டுது. 120 வோல்ட்ல 12.5 ஆம்பியர்னாலும் 1500 வாட், 240 வோல்ட்ல 6.25 ஆம்பியர்னாலும் 1500 வாட். ஒரு மணி நேரம் ஓடுனா ரெண்டுலயும் 1.5 யூனிட்தான்.

உங்க ராடையே எடுத்துக்கங்க. 230 வோல்ட்ல 1500 வாட்னா அந்தக் காயிலோட ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்குற அளவு, சுமார் 35 ஓம். காயில் மாறாது. அதே ராடை 120 வோல்ட்ல சொருகுனா 120ஐ 120ஆல பெருக்கி 35ஆல வகுக்கணும். சுமார் 410 வாட்தான் வரும். வோல்ட் பாதியானா பவர் பாதி ஆகாது, கால்வாசி ஆகும். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சுடும்.

15 லிட்டர் வாளித் தண்ணிய 10 டிகிரில இருந்து 40 டிகிரிக்கு ஏத்த 0.52 யூனிட் வேணும். ஊர்ல 21 நிமிஷத்துல ஆகுறது அங்க ஒண்ணேகால் மணி நேரம் பிடிக்கும். வேண்டிய சூடு ஒண்ணுதான். ஆனா அவ்வளவு நேரம் திறந்த வாளி சூட்டைக் காத்துல விட்டுக்கிட்டே இருக்கும், அந்த அளவுக்கு யூனிட் கொஞ்சம் கூடும். சேலத்துல சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்குனா 2000 வாட் கீசர் 1365 வாட்டா இளைச்சு, தண்ணி காய ஒன்றரை மடங்கு நேரம் எடுக்குறதும் இதே கணக்குதான்.

ராடை அங்க பயன்படுத்தாதீங்க. சிஎஸ்ஏ, யூஎல்னு அங்கத்த பாதுகாப்பு முத்திரை இல்லாத சாமான், அதுவும் தண்ணிக்குள்ள. ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கேள்வி கேக்க இடம் கொடுத்த மாதிரி ஆயிடும். லீவுக்கு ஊருக்கு வரும்போது அங்கத்த 120 வோல்ட் ஹீட்டரையோ ஹேர் டிரையரையோ எடுத்துட்டு வராதீங்க. 1500 வாட் சாமான் 230 வோல்ட்ல 5500 வாட் இழுக்கும், சொருகுன நிமிஷமே கருகிடும்.

அஸ்தம்பட்டி:
பில் ரெட்டிப்பாகும்னு உங்ககிட்ட சொன்னவங்க பேச்சுலயும் ஒரு துளி உண்மை இருக்கு, அதையும் சொல்லிடணும். ஆம்பியர் கூடுனா வயர் சூடாகும், அந்தச் சூட்டுக்கும் மீட்டர் ஓடும். பேனல்ல (பிரேக்கர் இருக்குற மெயின் பெட்டி) இருந்து பிளக் 15 மீட்டர் தள்ளி இருக்கு, போக வர 30 மீட்டர் 14 கேஜ் செம்பு வயர்னா ரெசிஸ்டன்ஸ் சுமார் கால் ஓம். 12.5 ஆம்பியர்ல அதுல 39 வாட் போகும். 6.25 ஆம்பியர்ல 10 வாட். தினம் 8 மணி நேரம் ஓட்டுனா மாசத்துக்கு 7 யூனிட் வித்தியாசம், அதுலயும் பாதிக்கு மேல உங்க வீட்டுச் சுவத்துக்குள்ளயே சூடா நிக்கும். இதுக்காகப் புதுசா 240 லைன் இழுத்து லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுக்குறது நியாயமே இல்லீங்க.

240 வோல்ட் வேண்டியது பெரிய ஹீட்டருக்கு. சாதாரண பிளக் 15 ஆம்பியர் பிரேக்கர்ல இருக்கும். மணிக்கணக்கா ஓடுற லோடு அதுல 12 ஆம்பியருக்குள்ள நிக்கணும்ங்கறது முறை. அதனாலதான் அங்க கடையில விக்கிற ஹீட்டர் எல்லாம் அதை ஒட்டி 1500 வாட்டோட நிக்குது. அந்த லைன்ல வேற கெட்டிலோ மைக்ரோவேவோ போட்டா பிரேக்கர் விழும்.

பின்னாடி உயரமான அப்பார்ட்மென்ட்டுக்கு மாறுனா இதைப் பாருங்க. பல கட்டடங்கள்ல 240 வராது, 208தான் வரும். த்ரீ ஃபேஸ் லைன்ல ரெண்டு ஃபேஸ் எடுக்குறதால வர்ற கணக்கு அது. 240ன்னு எழுதுன 1500 வாட் பேஸ்போர்டு ஹீட்டர் (சுவத்தடியில நீளமா மாட்டுறது) அங்க 1127 வாட்தான் கொடுக்கும். ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மாத்திடாதீங்க. 208 வோல்ட் மாடல் கேட்டு வாங்குங்க.

நாகலூர்:
ரொம்ப நன்றிங்கண்ணா. அப்ப பில்லைக் குறைக்க என்னதான் வழி?

அஸ்தம்பட்டி:
நேரம் பாத்து ஓட்டுறதுதாங்க. உங்க ஒன்டாரியோ மாகாணத்துல டைம் ஆஃப் யூஸ் (நேரத்துக்கு ஒரு விலை) திட்டத்துல இருந்தா நவம்பர் 1ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் வேலை நாள்ல காலை 7–11, சாயங்காலம் 5–7 தான் அதிக விலை. ராத்திரி 7 மணிக்கு மேல காலை 7 வரைக்கும், அப்புறம் சனி ஞாயிறு முழுக்க, ஏறக்குறைய பாதி விலை. காலையில எந்திரிச்சு ஏழு மணிக்கு மேல ஹீட்டரைப் போடுறதுக்குப் பதிலா ஆறு மணிக்கே ரூமைச் சூடாக்கி முடிச்சுடுங்க.

ஆயில் ஹீட்டர், செராமிக் ஹீட்டர், சிவப்பா எரியிற ராடு ஹீட்டர், எல்லாத்துலயும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். விலை கூடுன மாடல் கரண்டை மிச்சம் பிடிக்கும்னு நம்பாதீங்க. ஹீட் பம்ப் மட்டும் வேற ஜாதி, வெளிக்காத்துல இருக்குற சூட்டை உள்ள இழுத்துத் தர்றதால ஒரு யூனிட்டுக்கு ரெண்டரை, மூணு யூனிட் சூடு கிடைக்கும். பிளக்ல சொருகுனா பில் குறையும்னு விக்கிற பவர் சேவர் டப்பாவுக்குக் காசு கொடுக்கவே கொடுக்காதீங்க. ஹீட்டருக்கு அதால ஒரு பைசா மிச்சமில்லை.

சூரமங்கலம்:
மோட்டார் சாமான் பத்தி நான் சொல்றேன். மிக்ஸிக்கு 120ல இருந்து 230 ஆக்குற ஸ்டெப்–அப் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும். 750 வாட் மிக்ஸின்னா 1500 வாட்டுக்குக் குறையாம வாங்குங்க. கெட்டி சட்னி அரைக்கும்போது மோட்டார் திணறி ஒரு நொடி ரெட்டிப்பா இழுக்கும். பயணத்துக்குன்னு விக்கிற சின்ன கன்வர்ட்டர்ல மிக்ஸியைப் போட்டா ரெண்டுல ஒண்ணு போயிடும்.

கிரைண்டர் அவ்வளவு சுலபம் இல்லீங்க தங்கச்சி. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் ஏத்தும், அங்கத்த 60 ஹெர்ட்ஸை (கரண்ட் நொடிக்கு 60 சுத்து மாறுறது) நம்மூர் 50 ஆக்காது. மிக்ஸி மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை, கிரைண்டர்ல இருக்குற இண்டக்‌ஷன் மோட்டார் அஞ்சுல ஒரு பங்கு கூடுதல் வேகத்துல சுத்தும். மாவு சீக்கிரம் சூடேறும், பெல்ட்டும் தேயும். கோயம்புத்தூர்க் கம்பெனிகளே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாடல் போடுறாங்க, கிரைண்டருக்கு அதையே வாங்கிடுங்க. அரைச்சு முடிச்சதும் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிளக்ல இருந்து உருவிடுங்க. சும்மா கிடந்தே 20 வாட் தின்னுச்சுன்னா மாசம் 14 யூனிட். ஃபோன், லேப்டாப் சார்ஜர்ல 100–240 வோல்ட்னு போட்டிருந்தா பிளக் அடாப்டர் மட்டும் போதும். ஸ்டெபிலைசர் ஊர்லயே இருக்கட்டும்.

லண்டன் போறவங்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அங்க 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்ம சாமானே ஓடும். பிளக்ல 13 ஆம்பியர் ஃபியூஸ், 3000 வாட் வரைக்கும் தாங்கும். ஆனா அங்க ஒரு யூனிட் கரண்ட், கேஸைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு விலை, அதனால வீட்டுச் சூட்டுக்குக் கேஸ் பாய்லர் இருந்தா அதையே ஓட்டுங்க.

குகை:
இன்னொண்ணு விட்டுப்போச்சு. ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடாதீங்க, நேரா சுவத்துப் பிளக்ல சொருகுங்க. பிளக் லூசா இருந்து தொடுற இடத்துல 0.2 ஓம் இருந்தாலே 12.5 ஆம்பியர்ல அங்க 31 வாட் சூடு கிளம்பும். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்குற சால்டரிங் அயர்ன் அளவு அது, சுவத்துல பதிச்சு வெச்ச மாதிரி. அரை மணி நேரம் ஓடுனப்புறம் ஹீட்டரை அணைச்சுட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பா இருந்தா பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் பழுப்பேறியோ இருந்தா அந்த சாக்கெட்டை விட்டுடுங்க, வீட்டு ஓனர்கிட்டச் சொல்லி மாத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் வேற பிளக்ல, 750 வாட்ல வெச்சு ஓட்டுங்க.