ஓய்வு நாடித்துடிப்பு 46. தினமும் ஓடுபவர்களுக்கு இது சகஜமா?

கோவை_ஓட்டம்:
வணக்கம். வயது 41. பல வருஷமாக வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் 15 கிலோமீட்டருக்கு மேல் போகும். போன வாரம் ஆபீஸில் எல்லோருக்கும் மாஸ்டர் செக்கப். ஈசிஜி எடுத்த பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சார், தலை கிலை சுத்துதா? எழுந்திருக்காதீங்க, அப்படியே படுங்க" என்று சொல்லி இன்னொரு தடவை எடுத்தார். இரண்டிலும் 46. மேலே மெஷினே ‘சைனஸ் பிராடிகார்டியா’ (அதாவது துடிப்பு மெதுவாக இருக்கிறது) என்று அச்சடித்திருக்கிறது. கோவிட் சமயத்தில் வாங்கிப் போட்டிருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வீட்டில் மாட்டினால் அதுவும் கத்துகிறது, தூங்கும்போது வாட்ச் 39 வரை காட்டுகிறது. எனக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் மாமனாருக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, அதனால் வீட்டில் ஓட்டத்தையே நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்த வேண்டுமா?

பழைய_சைக்கிள்:
முதலில் கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் போக வேண்டும். சாதாரண ஆளுக்கு ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு, சரியாகப் போச்சு. வருஷக்கணக்கில் ஓடுகிறவருக்கு இதயத்தின் இடது கீழறை கொஞ்சம் பெரிதாகி ஒரே துடிப்பில் 100 மில்லிக்கு மேல் தள்ளிவிடும், அப்போது 46 துடிப்பிலேயே அதே 5 லிட்டர் வந்துவிடுகிறது. 60 முதல் 100 வரைதான் நார்மல் என்பது பொதுவான ஆட்களுக்கு வைத்த அளவு, மெஷின் அதை வைத்துத்தான் அச்சடிக்கிறது, நீங்கள் ஓடுவது அதற்கு எப்படித் தெரியும்? 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்த மிகேல் இந்துராயினுக்கு 28 என்று சொல்வார்கள்.

வார்டு_டியூட்டி:
இதய நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மேலே சொன்னது சரி, ஆனால் இந்துராயின் கதையைக் கேட்டு எண் குறையக் குறைய நல்லது என்று யாரும் போட்டி போட வேண்டாம். விளையாட்டு வீரர்களின் ஈசிஜியைப் படிக்கும்போதுகூட 30-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்கத்தான் சொல்வோம்.

உங்கள் விஷயத்தில் நான் கேட்பது இரண்டுதான். மயக்கம், கண் இருட்டுவது, நெஞ்சுவலி, முன்னால் இல்லாத மூச்சுவாங்கல், இதில் ஏதாவது உண்டா? ஓடும்போது துடிப்பு வழக்கம்போல 150, 160 என்று ஏறுகிறதா? முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம் என்றால், ஓட்டத்தை நிறுத்த 46 ஒரு காரணமே இல்லை. தூக்கத்தில் 39 என்பதும் உங்களைப் போன்றவர்களிடம் சாதாரணமாகப் பார்ப்பதுதான். ரிப்போர்ட்டை மட்டும் ஒரு டாக்டரிடம் நேரில் காட்டிவிடுங்கள், ஏனென்றால் துடிப்பு மெதுவாக இருப்பது வேறு, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் வழியில் அடைப்பு இருப்பது வேறு. மாமனாருக்கு எதற்காக பேஸ்மேக்கர் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் பல பேருக்கு இந்த இரண்டாவது வகைக்குத்தான் வைக்கிறோம். அது ஈசிஜியிலேயே தெரியும்.

கோவை_ஓட்டம்:
நன்றி. மயக்கமெல்லாம் இல்லை, மேட்டில் ஓடினால் 165 வரை ஏறுகிறது. சனிக்கிழமை காட்டிவிடுகிறேன்.

மதுரை_மகள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 68 வயது, தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடப்பார். வீட்டு பிபி மெஷினில் நாடி 48 காட்டுகிறது. இதைப் படித்துவிட்டு "பாத்தியா, நானும் வீரன்தான்" என்கிறார். கொஞ்ச நாளாக மாடி ஏறினால் களைப்பாக இருக்கிறது என்றும் சொல்கிறார்.

வார்டு_டியூட்டி:
அம்மா, அப்பாவிடம் வீரத்தை ஒரு வாரம் ஒத்திவைக்கச் சொல்லுங்கள். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் முக்கால் மணி நேர நடைக்கு நாடி ஓரிரண்டு குறையலாம், 48-க்கு இறங்காது. எண் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மேலே கேட்டவருக்குக் களைப்பு இல்லை, உங்கள் அப்பாவுக்கு இருக்கிறது. பிபிக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா? தைராய்டு எப்போது பார்த்தது? கண்ணில் பிரஷர் என்று டிமலால் சொட்டு மருந்து விடுகிறாரா? கண்ணில் விடும் சொட்டு இதயத்தை மெதுவாக்கும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை, டாக்டர் கேட்டால்கூட மாத்திரைகளை மட்டும்தான் சொல்வார்கள்.

இன்னொன்று, பிபி மெஷின் எண்ணுவதை நம்பாதீர்கள். இடையிடையே கூடுதல் துடிப்பு வந்தால் அது பலவீனமாக இருக்கும், மெஷின் அதை விட்டுவிட்டு எண்ணும். மணிக்கட்டில் கட்டைவிரலை வைக்காமல் மற்ற இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் முழுக்க நீங்களே எண்ணுங்கள், தாளம் ஒரே சீராக வருகிறதா, நடுவில் விட்டுப் போகிறதா என்று பாருங்கள். எப்படி இருந்தாலும் இந்த வாரமே ஈசிஜி எடுத்துவிடுங்கள், நடுவில் மயக்கம் போட்டால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மதுரை_மகள்:
கண்ணுக்குச் சொட்டு விடுகிறார்! பெயர் பார்த்தேன், டிமலால்தான். இன்றைக்கே நிறுத்திவிடவா?

வார்டு_டியூட்டி:
நீங்களாக நிறுத்த வேண்டாம், கண் பிரஷர் ஏறிவிடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள், ஈசிஜியைப் பார்த்துவிட்டு இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசி வேறு சொட்டுக்கு மாற்றுவார்கள்.