ஃப்ரீ வெயிட், ஸ்மித் மெஷின்: தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். உடற்கல்வி மாணவர்களுக்கான வலிமைப் பயிற்சிப் பாடத்தை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். டம்பெல், பார்பெல் போல எந்தக் கருவியிலும் மாட்டாமல் தூக்குவதுதான் ஃப்ரீ வெயிட். கணினி அதை ‘இலவச எடை’ ஆக்கிவிட்டது. அடுத்த வரியில் ஸ்மித் மெஷின் ‘கொல்லன் இயந்திரம்’ என்று நிற்கிறது. பார்பெல் தண்டு இருபுறமும் தண்டவாளத்தில் மாட்டி மேலும் கீழும் மட்டும் போகுமே, அதுதான். என்ன சொல்லலாம்?

> கொல்லன் இயந்திரம்

வேண்டாம் அம்மா, கொல்லனால் கோவலன் பட்டது போதும். ஸ்மித் ஆள் பெயர். 1950களில் அமெரிக்க உடற்பயிற்சியாளர் ஜாக் லாலேன் யோசித்த கருவியை லாஸ் ஏஞ்சலஸில் ரூடி ஸ்மித் மேம்படுத்தியதால் வந்தது. ‘இலவச’த்துக்கு மருந்து கையிலேயே இருக்கிறது: ஃப்ரீ சாஃப்ட்வேரில் இதே சிக்கலைக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று தீர்த்தோமே. ஆகவே கட்டற்ற எடை. ஸ்மித் மெஷினோ தடத்தில் ஓடுவதால் தடம் + எடை = தடவெடை. எடு என்பதிலிருந்துதான் எடை. சுமப்பது சுமை, பாரமோ வடசொல்; அதனால் எடையே பொருத்தம்.

> தடவெடை

தடவிக்கொடுக்கிற எடையா ஐயா? நான் ஜிம்மில் பயிற்சி தருகிறவன். தண்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் தண்டு முன்னே பின்னே சாயாமல் வயிறும் முதுகும் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்மித்தில் அந்த வேலையைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். அதில் 100 கிலோ போட்ட பையன் வெளியே அதே 100-ஐத் தோளில் வைத்தால் கால் நடுங்கும். ஆனால் தனியாக வருகிறவனுக்கு அது நல்லது. மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, தண்டு 20 கிலோ என்று பாடத்தில் எழுதிவிடாதீர்கள். சிலவற்றில் எதிர் எடை கட்டியிருப்பதால் கைக்குக் குறைவாகவே வரும். பையன்களுக்கு ஸ்மித் என்றால்தான் புரியும்.

புரிவதை மட்டும் பார்த்தால் தமிழே வேண்டாம், தம்பி. கட்டற்ற எடைக்கு நம்மிடம் பொருளே இருந்தது: இளவட்டக்கல். தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போட்டவனுக்குப் பெண் கொடுப்பார்களாம். எங்கள் ஊரில் கோயில் முன்னால் இன்னும் கிடக்கிறது. நல்ல உருண்டை, விரல் பிடிக்க ஒரு பள்ளம்கூட இல்லை. இப்போது அதன் மேல் ஆடு படுத்திருக்கிறது.

டம்பெல்லை இளவட்டக்கல் என்றால் மாணவர்கள் பெண் கேட்டு வருவார்கள். சரி, நேரமாகிவிட்டது. ஃப்ரீ வெயிட்டுக்குக் ‘கட்டற்ற எடை’, மெஷினுக்கு, ஃப்ரேம் என்ற பொருளில், ‘ஸ்மித் சட்டம்’ என்று அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

> ஸ்மித் சட்டம்

இது எந்த ஆண்டு நிறைவேறியது என்று ஒரு மாணவன் கேட்கத்தான் போகிறான். என் ஓட்டு இன்னும் தடவெடைக்கே.