133 படிகள், ஒரு பியானோ: லாரல்–ஹார்டியைச் சந்தித்த கதைகள்

பழைய ஹாலிவுட் நகைச்சுவை ஜோடி லாரல்–ஹார்டியை நீங்கள் எங்கே, யாரோடு பார்த்தீர்கள்? கேட்டவன் முதலில் சொல்வதுதான் முறை; பிறகு நீங்கள் எழுதுங்கள். சொல்கிறேன்.

போன வருஷம் மகள் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போயிருந்தேன். கடற்கரை, ஹாலிவுட் பலகை எல்லாம் காட்டி முடித்துவிட்டு, "வேற எங்கயாவது போகணுமா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். மரியாதைக்குத்தான் கேட்டிருப்பார். "ஒரு படிக்கட்டு பார்க்கணும் மாப்பிள்ளை" என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சில்வர் லேக் பகுதியில் வெண்டோம் தெரு. 1932-இல் வந்த 'த மியூசிக் பாக்ஸ்' படத்தில் அந்த இருவரும் பியானோப் பெட்டியோடு மல்லுக்கட்டும் அதே படிக்கட்டு இன்றும் அங்கே இருக்கிறது. காரில் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போய்விட்டோம். படத்தில் இரண்டு பக்கமும் காலி மனை. படிகள் மட்டும் தனியாக வானத்துக்கு ஏறும். இப்போது இருபுறமும் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கீழே பதித்திருக்கும் பலகையைப் படித்த பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

படம் பார்க்காதவர்களுக்கு: ஒரு அம்மாள் கணவரின் பிறந்தநாளுக்கு ரகசியமாகப் பியானோ வாங்குகிறார். கொண்டு சேர்க்க வருவது லாரல்–ஹார்டி கம்பெனி, குதிரை வண்டியில். வண்டியின் பலகையிலேயே எழுத்துப் பிழை. 'நிறுவப்பட்டது 1931' (Founded) என்று எழுதுவதற்குப் பதில் 'மூழ்கியது 1931' (Foundered) என்று பொருள் வருகிறது! வீடு எங்கே என்று கேட்டால் தபால்காரர் படிக்கட்டின் உச்சியைக் கைகாட்டுகிறார். ஏற்றுகிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு ஆயா வருகிறாள், வழி விடுகிறார்கள், பெட்டி கீழே. மறுபடி ஏற்றுகிறார்கள். போலீஸ்காரர் கூப்பிடுகிறார், பெட்டி கீழே. ஒவ்வொரு படியில் மோதும்போதும் உள்ளே தந்திகள் 'டொய்ங்' என்று அலறும். பேசும் படம் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது; அந்தச் சத்தத்தை வைத்தே பாதிச் சிரிப்பை வாங்கிவிட்டார்கள்.

பெட்டி உருள்வது சிரிப்புதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம் வேறு இடம். ஒருவழியாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே தபால்காரர் வந்து, "இதை ஏன் தூக்கிட்டு வந்தீங்க? சுத்தி வர ரோடு இருக்கே" என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அடடா, இது தோணாமப் போச்சே! பெட்டியைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, ரோடு வழியாக மேலே கொண்டு வருகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான முட்டாள்தனம் சினிமாவில் இல்லை.

நானும் ஏறினேன். பாதியில் இரண்டு தடவை நின்றேன். காட்சியை ரசிப்பதுபோலத்தான் நின்றேன். மேலே போனால் படத்தில் வரும் வீடு கிடையாது. அது படத்தைத் தயாரித்த ஹால் ரோச் ஸ்டுடியோவில் போட்ட செட். இருந்தது ஒரு தெரு, டெஸ்கான்ஸோ டிரைவ். மாப்பிள்ளை போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாமா... கார் இங்கயே வரும் போல இருக்கு."

*

சிரிச்சு முடியேல்லை. நான் டொரொன்டோவில இருக்கிறன். அம்மம்மா எங்களோட இருந்த காலத்தில இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தேவைப்படவும் இல்லை. பெட்டி விழேக்க சிரிக்கவே இல்லை. "ஐயோ, காசு குடுத்து வாங்கின சாமான்" எண்டு கவலைப்பட்டவ. தொப்பி போட்ட பேராசிரியர் வந்து, பேருக்குப் பின்னால பட்டங்களை வரிசையாச் சொல்லி வழி விடச் சொல்லுறார் எல்லோ? அவற்ற தொப்பி தட்டுப்பட்டு, படியால உருண்டு, றோட்டில வாகனம் ஏறி நசுங்கினதும்தான் வாய்விட்டுச் சிரிச்சா. "உந்த மனிசனுக்கு வேணும்" எண்டா.

நீங்கள் சொன்ன இடம் வந்ததும் உண்மையாவே கோவம் வந்திட்டுது அவவுக்கு. "விசரங்கள்! ஏற்றினதை ஏன் இறக்குறாங்கள்?" டிவியைப் பாத்துக் கத்தினவ. கடைசியில, அதே பேராசிரியர்தான் வீட்டுக்காரர், அவருக்குப் பியானோ எண்டாலே பிடிக்காது எண்டு தெரிஞ்சு, அவர் கோடாலியால கொத்தத் தொடங்க, "உதை முதலே கேட்டிருக்கலாம்" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி போட எழும்பிட்டா. பியானோ அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கத் தொடங்க, அவர் வெட்டுறதை நிப்பாட்டிப்போட, மூண்டு பேரும் விறைச்சு நிக்கிறதை அவ பாக்கவே இல்லை.

*

நான் பார்த்திருக்கேன் சார், ஆனா அது ஐஸ் கட்டி தூக்கிட்டுப் போற படம். அதே படிதானே?

*

இல்லை. அது த்ரீ ஸ்டூஜஸ் என்ற வேறு நகைச்சுவைக் குழுவின் படம், 1941. அதுவும் சில்வர் லேக்தான், ஆனால் வேறு படிக்கட்டு. நிறைய பேர் குழப்பிக்கொள்வது உண்டு. ஆனால் லாரல்–ஹார்டியே இந்தப் படிகளுக்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்திருக்கிறார்கள். 1927-இல் 'ஹாட்ஸ் ஆஃப்' என்ற மௌனப் படம். அப்போது தூக்கியது துணி துவைக்கும் மெஷின். அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை பியானோவோடு வந்தபோது ஆஸ்கரே கிடைத்தது. நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று அந்த வருஷம்தான் முதன்முதலில் பரிசு வைத்தார்கள்.

*

நான் சென்னையில் பதினைந்து வருஷமா வீடு மாத்துற வேலை பாக்குறேன். பொண்ணு போன்ல இந்தப் படத்தைக் காட்டுச்சு. அதுக்கு அவங்க விழுந்து எழுறது சிரிப்பு. எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் வயித்தக் கலக்குச்சு. மாடிப்படியில பீரோ ஏத்தும்போது கீழ நிக்கிறவன் மேலதான் பாரம் இறங்கும். அதனால யாராச்சும் எதிர்ல வந்தா நாங்க பெட்டியை விட்டுட்டு வழி விட மாட்டோம், அவங்களைத்தான் திரும்பிப் போகச் சொல்வோம். இவங்க ரெண்டு பேரும் எல்லாருக்கும் மரியாதை குடுத்தே கெட்டாங்க.

இன்னொண்ணு. கயிறும் கப்பியும் கட்டி பால்கனி வழியா பியானோவை இழுக்குறாங்க பாருங்க, அது நிஜமா நாங்க செய்யுற வேலை. வாசக்கதவு தொறந்து கிடக்குறது அப்புறமாத் தெரியுறதும் நிஜம். எங்களுக்கே ஒரு தடவை நடந்திருக்கு, விவரம் வேண்டாம்.

ஆனா கடைசியில பியானோ தானா வாசிக்க, ரெண்டு பேரும் குப்பை அள்ளிக்கிட்டே ஆடுறாங்களே, அதைப் பாத்தப்ப மனசு லேசாயிடுச்சு. அவ்ளோ குண்டா இருந்துக்கிட்டு ஹார்டி கால் வைக்குற அழகு! வேலை முடிஞ்ச அன்னிக்கு எங்க பசங்களும் வண்டியில பாட்டு போட்டு ஆடுவானுங்க.

ஒரு சந்தேகம் சார். மேல ரோடு இருக்குன்னு தெரிஞ்சதும் மாப்பிள்ளை காரை மேல கொண்டு வந்தாரா இல்லையா? அதைச் சொல்லாமலே விட்டுட்டீங்க.

*

வேண்டுமென்றேதான் விட்டேன். கேட்டுவிட்டீர்கள்.

"நீங்க இங்கயே நில்லுங்க மாமா, நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்றுதான் சொன்னார். மகளும் அதையே சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "வேண்டாம், எல்லாரும் இறங்கியே போவோம்" என்றேன். மூன்று பேரும் இறங்கினோம், காரில் ஏறினோம், சுற்றிக்கொண்டு மேலே வந்தோம். மேலே வந்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கமான மனுஷன்.

ஏறும்போது எண்ணினேன், 131. இறங்கும்போது 134. மொத்தம் 133 என்பது ஊரறிந்த கணக்கு. மூன்றாம் தடவை எண்ண முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.