சீரிஸ்: சிறுகோளா, குறுங்கோளா?

சேலத்திலிருந்து

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சூரியக் குடும்பம் பற்றிய சிறு நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு வரி மட்டும் இடிக்கிறது: "சிறுகோள் பட்டையில் உள்ள ஒரே குறுங்கோள் சீரிஸ்." ஆங்கிலத்தில் சிறுகோள் ஆஸ்டிராய்டு (asteroid), குறுங்கோள் ட்வார்ஃப் பிளானட் (dwarf planet).

இதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "சிறு பெரிசா, குறு பெரிசா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டு சொல்லும் பாடநூலில் தனித்தனியே வரும்போது சிக்கல் இல்லை. அடுத்தடுத்து வந்தால் வேறுபாடு தெரிவதில்லை. சீரிஸின் விட்டம் ஏறத்தாழ 940 கிலோமீட்டர். தன் ஈர்ப்பாலேயே உருண்டு திரண்டிருக்கிறது. பட்டையில் உள்ள மற்றவை பெரும்பாலும் கோணல்மாணலான பாறைகள். அந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டாமா? குறுங்கோளைக் குள்ளக்கோள் ஆக்கலாமா, அல்லது சிறுகோளை மாற்றலாமா? புதன்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மதுரையிலிருந்து

குள்ளக்கோள் வேண்டவே வேண்டாம் அம்மா. உயரம் குறைந்த பிள்ளையை வகுப்பில் சீண்டுவதற்கு இருக்கிற சொல்லை நாமே அச்சில் ஏற்றிக் கொடுக்கக் கூடாது.

குறுங்கோள் இலக்கணப்படி பழுதற்ற பண்புத்தொகை. குறுமை + கோள்: 'ஈறுபோதல்' விதியால் மை கெட்டது, 'இனமிகல்' விதியால் ஙகரம் வந்தது. கருங்குவளை எப்படியோ அப்படி. சிறுகோளில் ஈறு மட்டும் போயிற்று, சிறுகதை, சிறுகுடல் போல.

பொருளில்தான் ஐயம். சிறுமைக்கு எதிர் பெருமை. குறுமைக்கு எதிர் நெடுமை. குறுந்தொகைக்கு நெடுந்தொகை உண்டு. குறுங்கோளுக்கு நெடுங்கோள் எங்கே? உருண்டைக்கு நீளம் ஏது? இதை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். விடை குறுநில மன்னரிடம் இருக்கிறது. அங்கே மன்னர் குட்டையில்லை. அவர் ஆட்சி செல்லும் நிலம் குறுகியது. கோள் எது என்று வானியலாளர்கள் வகுத்த 2006 வரையறையும் இதைத்தானே சொல்கிறது? தன் பாதையில் உள்ள பிறவற்றை ஒதுக்கித் தன் ஆளுகையை நிறுவியது கோள். வேந்தர் அப்படி. நிறுவ முடியாதது குறுங்கோள். இந்தக் 'குறு' உடலின் அளவைச் சொல்லவில்லை, ஆளுகையின் அளவைச் சொல்கிறது.

குறுங்கோள் என்றதும் சங்கப் புலவர் குறுங்கோழியூர்கிழார் நினைவுக்கு வருகிறார். அவர் பாடிய சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் சாவைத்தான், விண்ணிலிருந்து ஒரு மீன் விழக் கண்டு அஞ்சிய கூடலூர்கிழார் புறநானூற்று 229ஆம் பாட்டில் பாடுகிறார். எரிமீன் என்று இரண்டு அசையில் சொல்லக்கூடிய அதை விண்வீழ்கொள்ளி என்று நீட்டுவது ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, குறுநில மன்னர் விளக்கம் வடிவாக இருக்கிறது. ஆனாலும் உடன்பட முடியவில்லை.

பண்புத்தொகையில் பின்னால் நிற்கிற சொல்தானே தலை? கருங்குவளை, குவளைதான். அப்படியென்றால் குறுங்கோளும் கோள்தான். பன்னாட்டு வானியல் ஒன்றியமோ 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடி, இவை கோள்கள் அல்ல என்று முடிவு செய்தது. புளூட்டோ கோள் இல்லை என்று ஒரு பக்கத்தில் படிக்கிற பிள்ளை, அடுத்த பக்கத்தில் அது குறுங்கோள் என்று படித்தால் என்ன செய்யும்? ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. அதைத் தமிழிலும் சுமக்கவேண்டிய கடன் நமக்கு இல்லை.

தமிழகத்தில் எல்லாவற்றையும் கோள் என்றே முடிக்கிறீர்கள். மனிதர் ஏவியது செயற்கைக்கோள். நாங்கள் செய்மதி என்கிறோம், மதியைப் போலச் சுற்றிவருவதால். நிலவுகள் துணைக்கோள்கள். வியாழனின் கனிமீடு 5,268 கிலோமீட்டர் விட்டம் உள்ளது. கோளான புதனோ 4,879 தான். பெயரை வைத்து அளவைப் பிள்ளைகள் ஊகிக்கவே முடியாது.

என் பரிந்துரை: திரளி. தானாக உருண்டு திரண்டது. சீரிஸ் ஒரு திரளி, புளூட்டோ ஒரு திரளி. சிறுகோள் அப்படியே இருக்கட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து

திரளி அழகான சொல். ஆனால் வியாழனும் பூமியும் திரண்டவைதானே அக்கா? அவையும் திரளிதான். அப்புறம் ஹவுமேயா இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிற வேகத்தில் நீண்டுபோய்க் கிடக்கிறது. அதுவும் குறுங்கோள்தான். மதுரை ஐயா தேடிய நெடுங்கோள் அங்கே கிடைக்கும்.

'கோள்' கறாரான சொல்லாக என்றைக்கும் இருந்ததில்லை. கோளறு பதிகத்தில் ஞாயிறும் திங்களும் பாம்பு இரண்டும்கூடக் கோள்கள்தான். பட்டினப்பாலையில் நாண்மீனுக்கு நடுவே கோண்மீன் திரிகிறது. அங்கே கோளும் ஒரு மீன். காலத்துக்கேற்ப வளைந்து வந்த சொல் இன்னும் கொஞ்சம் வளையட்டும்.

உண்மையான தொல்லை சிறுகோளில்தான். வேறு சொல் தேடிப் பார்த்தேன். கோள்துண்டு என்றால், ஏதோ ஒரு கோள் உடைந்து சிதறியது என்று ஆகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் அப்படி எண்ணியவர்கள் உண்டு, இன்று அந்தக் கருத்து இல்லை. பட்டையில் உள்ளதையெல்லாம் திரட்டினாலும் நம் நிலாவின் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வராது. பாறைக்கோள் என்றால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்குக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. 1802இல் வானியலாளர் ஹெர்ஷல் 'விண்மீன் போன்றது' என்ற பொருளில் ஆஸ்டிராய்டு என்று கிரேக்கப் பெயர் வைத்தார். தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரிந்ததால். அதை மீன்போலி என்றால் போலிமீன் என்றுதான் காதில் விழும்.

ஆகவே ஆஸ்டிராய்டு என்றே எழுதலாம். தொலைநோக்கி காட்டும் இரவுகளில் பிள்ளைகள் வாயிலிருந்து தானாக வருவது அதுதான். செய்தியில் கேட்டுப் பழகியிருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து

ஆஸ்டிராய்டு என்று எழுதுவதானால் நூலை மொழிபெயர்ப்பது எதற்கு? பழக்கம் என்பது நாம் எழுதியபின் வருவது. செயற்கைக்கோள் மட்டும் யார் வாயிலிருந்து தானாக வந்தது? சிறுகோள் பிடிக்கவில்லை என்றால் விண்பாறை என்று எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

விண்பாறை என்றால் ஒரே கட்டியாக இருக்கும் என்று தோன்றும். பென்னு என்ற சிறுகோள் அப்படி இல்லை ஐயா, சரளைக் குவியல் அது. விண்கலம் அதன் தரையைத் தொட்டபோது அரை மீட்டர் உள்ளே இறங்கிவிட்டது. வாலுள்ள வால்வெள்ளியின் உட்கருவையும் விண்பாறை என்று சொல்லத் தோன்றும்.

சேலத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நாளை அனுப்பியாகவேண்டும். எழுதியவர்களில் பெரும்பாலோர் குறுங்கோள் பக்கம் சாய்ந்ததால் அது நிற்கிறது. சிறுகோளும் நிற்கிறது, மாற்றுச்சொல் எதற்கும் இரண்டாவது ஆதரவு கிடைக்கவில்லை. வரியை மட்டும் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பல இலட்சம் சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒழுங்கான வடிவம் இல்லை. அவற்றுள் மிகப் பெரியது சீரிஸ். அது தன் ஈர்ப்பால் உருண்டையாகிவிட்டது. அதனால் அதைக் குறுங்கோள் என்கிறோம்."

அந்தப் பெண்ணிடம் இன்று வாசித்துக் காட்டினேன். "அப்போ குறு தான் பெரிசு" என்றாள். மதுரை ஐயாவின் ஆளுகை விளக்கத்தை ஆசிரியர் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அச்சுக்குப் போகட்டும், மறுக்கவில்லை. குழுவின் சொற்பட்டியலில் திரளியை மாற்றுச்சொல்லாகப் பதிந்து வையுங்கள். பூமியும் திரளி என்ற எதிர்ப்புக்கு என்னிடம் விடை இருக்கிறது: கோள் என்பது திரளிகளில் ஒரு வகை, அவ்வளவுதான். விரிவாக ஞாயிறு எழுதுகிறேன்.