ரிவ்யூ பாமிங்: தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

சேலத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டுக்கு இந்தப் பருவத்தில் வீடியோ கேம் விமர்சனம் பற்றி ஓர் அலகு நடத்துகிறேன். பாடக்குறிப்பு தமிழில். திங்கட்கிழமை காலை ஜெராக்ஸுக்குக் கொடுத்தாக வேண்டும். விமர்சனம், மதிப்புரை, மதிப்பெண் எல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். மெட்டாகிரிட்டிக் தளம் விமர்சகர்கள் போட்ட மதிப்பெண்களுக்கு எடை வைத்துச் சராசரி எடுத்து நூற்றுக்கு இவ்வளவு என்கிறது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் அப்படி மதிப்பெண்ணே கிடையாது. பரிந்துரைப்பீர்களா மாட்டீர்களா என்று ஒரே கேள்வி. 95 விழுக்காடு என்றால் விளையாட்டு 95 மார்க் வாங்கியது என்று அர்த்தமில்லை, நூறு பேரில் 95 பேர் 'ஆம்' என்றார்கள், அவ்வளவுதான். இதைப் புரியவைப்பதிலேயே பாதி வகுப்பு போய்விடுகிறது.

மாட்டிக்கொண்டது ரிவ்யூ பாமிங்கில். ஏதோ ஒரு கோபத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரு விளையாட்டுக்கு மோசமான மதிப்புரை எழுதிக் குவிப்பது. 'மதிப்புரைக் குண்டுவீச்சு' என்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், பார்க்கவே பிடிக்கவில்லை. வேறு ஏதாவது சொல்லுங்களேன்.

கோவையிலிருந்து:

அம்மா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? வசைமழை என்று நல்ல சொல் கையில் இருக்கிறது. புகழ்மழைக்கு எதிர்ச்சொல். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும், ஒற்று மிகுமா மிகாதா என்ற சண்டையும் இல்லை. குண்டு, ஏவுகணை எல்லாம் அவர்கள் மொழியின் பழக்கம், நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

சிங்கப்பூரிலிருந்து:

வசைமழை சரிவராது ஐயா. வசையே இல்லாமலும் இது நடக்கிறது. 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் தீப்பிடித்தபோது யுபிசாஃப்ட் நிறுவனம் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'யைக் கொஞ்ச நாள் இலவசமாகக் கொடுத்தது, அதில் அந்தத் தேவாலயம் முழுதாக வருகிறது. 2014-இல் வந்தபோது கோளாறுகளுக்காகக் கிழித்துத் தொங்கவிடப்பட்ட விளையாட்டுக்கு, திடீரென்று ஸ்டீமில் பாராட்டாகக் குவிந்தது. இதையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டுமா என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே உட்கார்ந்து யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டது. குவிவதுதான் இங்கே விஷயம், வசை அதில் ஒரு வகை.

சென்னையிலிருந்து:

நான் கேம்களைத் தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். கள்ள ஓட்டு என்ற சொல்லை யாரும் தொடவில்லையே? நம் ஊரில் விளக்கமே தேவைப்படாத சொல். 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2ஆம் பாகம் வந்த அன்றைக்கே மெட்டாகிரிட்டிக்கில் பயனர் மதிப்பெண் பாதாளத்துக்குப் போனது. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் விளையாட்டு, சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான சுழியங்கள். விமர்சகர்கள் கொடுத்தது 93. அதற்குப் பிறகுதான் விளையாட்டு வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர்கள் எழுதலாம் என்று விதியை மாற்றினார்கள். விளையாடாமல் போட்டால் அது கள்ள ஓட்டுதானே.

சேலத்திலிருந்து:

தம்பி, மெட்டாகிரிட்டிக்குக்குப் பொருந்துகிறது, ஸ்டீமுக்குப் பொருந்தாது. ஸ்டீமில் விளையாட்டு கணக்கில் இருந்தால்தான் மதிப்புரையே எழுத முடியும், எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் பக்கத்திலேயே தெரியும். காசு கொடுத்து வாங்கி நூறு மணி நேரம் ஆடியவர் போடுவதைக் கள்ள ஓட்டு என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து:

அக்கா கேட்டதுதான் என் கேள்வியும். ஆனால் முதலில் குண்டுவீச்சு. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் பங்கர் ஞாபகம் வரும் தலைமுறை இன்னும் இருக்கிறது. கலைச்சொல்லாக்கி வகுப்பில் சிரித்துக்கொண்டு சொல்ல எங்களால் ஏலாது. தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதற்கு மேல் நான் வாதாட மாட்டேன்.

மற்றது, இந்தச் சொல் யார் பக்கம் நிற்கப்போகிறது என்று பாருங்கள். 2024 பெப்ரவரியில் 'ஹெல்டைவர்ஸ் 2' வந்தது. அதை வெளியிட்ட சோனியின் இணையக் கணக்கை இணைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தார்கள்தான், ஆனால் தொழில்நுட்பச் சிக்கலால் அதை நிறுத்தி வைத்து, எல்லோரையும் கணக்கில்லாமலே ஆடவிட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் இனிக் கட்டாயம் என்றார்கள். அந்தக் கணக்கு அதிகாரபூர்வமாகக் கிடைக்காத நாடுகள் நூற்றுக்கு மேல், இலங்கையும் அதில் ஒன்று. வாங்கும்வரை விற்றுவிட்டு பிறகு வாசலை மூடினால் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு வார இறுதிக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேலே எதிர்மதிப்புரை விழுந்தது, சோனி பின்வாங்கியது. பின்வாங்கிய உடனே எத்தனையோ பேர் தாங்கள் எழுதியதை நல்லதாக மாற்றியும் விட்டார்கள். இதற்குப் பெயர் கள்ள ஓட்டா, வசையா? ஊரில் இதை மறியல் போராட்டம் என்போம்.

இன்னொன்று. 2019-இல் வால்வ் ஒரு முறை கொண்டுவந்தது. மதிப்புரைகள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்தால் கருவி காட்டிக்கொடுக்கும், பிறகு ஆட்கள் பார்த்து, விளையாட்டோடு தொடர்பில்லாத கோபம் என்றால் அந்தக் காலப்பகுதியை விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். அப்போது உரிமப் பூட்டு (நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம்), பயனர் ஒப்பந்த மாற்றம் பற்றிய கோபத்தையும் தொடர்பில்லாதது என்ற பக்கத்திலேயே போட்டார்கள். கடைக்காரர் அப்படித்தான் பார்ப்பார். அவருடைய கண்ணாலே பார்த்து நாமும் பெயர் வைக்க வேண்டுமா?

மதுரையிலிருந்து:

இரண்டு நாளாக மின்சாரம் சரியில்லை, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். இதற்கான சொல் அகத்திணையில் தயாராக உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் பாரிஸ் வரைக்கும் போய்வந்துவிட்டீர்கள். காதலரைப் பற்றி அரும்பு நிலையில் ஊர் முணுமுணுத்தால் அம்பல், மலர்ந்து வெளிப்படையாகப் பேசினால் அலர். அலர் தூற்றல் என்றே சொல்கிறோம். தூற்றுதல் பழிப்பது மட்டுமில்லை, களத்தில் நெல்லையும் பதரையும் காற்றில் பிரிப்பதும் தூற்றுதல்தான். மதிப்பீடு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் இருக்கிறதா? மெட்டாகிரிட்டிக்கின் 36 மணி நேரம் என்பது அம்பலை அலராக விடாமல் பிடித்து வைக்கும் அன்னையின் வேலை. ஆனால் 'ஊரவர் கௌவை எருவாக' என்று வள்ளுவர் அலரறிவுறுத்தலில் சொன்னபடி, வசையே எருவாகி ஒரு பண்டம் வளர்வதும் உண்டு.

சரி, அலர் உங்களுக்குப் பழையது என்பீர்கள். அப்படியானால் மொய். ஈ மொய்க்கிறது, கூட்டம் மொய்க்கிறது. பழைய நிகண்டுகளில் மொய் என்றால் கூட்டம், வலிமை, போர் மூன்றும் உண்டு, ஆகவே குண்டு போடாமலே போர் உள்ளே வந்துவிட்டது. மொய்யோடு உரை சேர்ந்தால், தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், மொய்யுரை. மெய்யுரைக்கும் பொய்யுரைக்கும் நடுவில் மொய்யுரை! மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லாமல் கூட்டம் சேர்ந்து உரைத்தது என்று மட்டும் சொல்கிறது. யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்ட நடுநிலை இதில் இருக்கிறது.

கோவையிலிருந்து:

ஐயா, மொய் என்றதும் எனக்குக் கல்யாண மண்டபத்து வாசலில் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் தெரிகிறார்.

மதுரையிலிருந்து:

தெரியட்டுமே. ஆளுக்குக் கொஞ்சம் வைத்து மொத்தமாகச் சேர்வதுதானே மொய். புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்தில் சேருவது வங்கிக்கடனுக்கே சவால். எதிர்மொய்யும் உண்டு. ஹெல்டைவர்ஸ்காரர்கள் மதிப்புரையைத் திருப்பி நல்லதாக மாற்றினார்களே, அது எதிர்மொய்.

சென்னையிலிருந்து:

மொய்யுரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் திரையில் சின்ன எழுத்தில் மொய்யுரைக்கும் மெய்யுரைக்கும் இடையே ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். பரீட்சைத் தாளில் ஒரு பையன் அந்தக் காலைப் போட மறந்தால் 'லாஸ்ட் ஆஃப் அஸ் மீது ரசிகர்கள் மெய்யுரை பொழிந்தனர்' என்று ஆகிவிடும், அக்கா அதற்கு மார்க் போடுவாரா?

நடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வந்தது. உலகம் முழுக்கக் கொண்டாட்டம், ஸ்டீமில் சீன மொழி மதிப்புரைகள் மட்டும் சரிந்து கிடந்தன. காரணம் விளையாட்டு இல்லை, சீன மொழிபெயர்ப்பு. பழங்கால வாள்வீரர் கதை நடையில் இழுத்து இழுத்து எழுதியிருக்கிறார்கள், மூலத்தின் தொனியே இல்லை என்று ஆட்டக்காரர்கள் பொங்கினார்கள், மொழிபெயர்ப்பைச் சரிசெய்கிறோம் என்று வெளியீட்டுத் தரப்பிலிருந்து சொல்ல வேண்டி வந்தது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் மொழிவாரியாக மதிப்பீட்டைப் பிரித்துக் காட்டும் வசதியை ஸ்டீம் கொண்டுவந்திருந்தது, அதனால் சரிவு பளிச்சென்று தெரிந்தது. அலரையும் கௌவையையும் நான் விளையாட்டுக்குள் வைத்தால் எனக்கு விழப்போகும் முதல் அலர் எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள்.

மதுரையிலிருந்து:

சீனர்கள் பழைய நடையைத் திட்டினார்கள் என்பதற்காகத் தமிழர்கள் தமிழையே விட்டுவிடுவதா? பாமிங் என்று எழுதினால் மட்டும் பையனுக்கு என்ன விளங்கிவிடும்? ஒலி தெரியும், பொருள் தெரியாது.

சென்னையிலிருந்து:

பொருள் அவனுக்கு எங்களுக்கு முன்பே தெரியும் ஐயா. ரிவ்யூ போட்டதே அவன்தான்.

கோவையிலிருந்து:

சண்டை வேண்டாம். பேச்சு வீடியோ கேமில் இருப்பதால் ஒன்று சொல்லட்டுமா, 'வெண்பா' என்றே ஒரு விளையாட்டு இருப்பதைப் பேரன் காட்டினான். டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-இல் செய்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், இட்லி, புட்டு, அம்மாவின் சமையல் குறிப்பு. மறு ஆண்டு முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியிருக்கிறது. மதிப்புரைகளில் பெரிய குறையாக என்ன சொல்கிறார்கள் தெரியுமா? சீக்கிரம் முடிந்துவிடுகிறதாம்! வெண்பாவுக்குச் சிற்றெல்லை இரண்டடி என்று யாப்பே சொல்கிறது, குறள் வெண்பா நீளம் போதவில்லை என்று யாராவது மார்க் குறைப்பார்களா?

சிங்கப்பூரிலிருந்து:

குறை சொல்பவர்கள் காசுக் கணக்குப் பார்க்கிறார்கள் ஐயா. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்துக்குள் முடிகிற விளையாட்டை முழுதாக ஆடிவிட்டும் திருப்பிக் கொடுக்க முடியும். சின்ன விளையாட்டு செய்கிறவர்களுக்குக் கெட்ட மதிப்புரையைவிட இதுதான் பயம்.

சேலம் அம்மாவுக்கு: திரள்மதிப்புரை எப்படி? குவிகிறது என்பது வருகிறது, நல்லதா கெட்டதா என்பது வரவில்லை, அடைமொழி வேண்டுமானால் எதிர்த்திரள், ஆதரவுத்திரள் என்று போட்டுக்கொள்ளலாம். அழகாக இருக்கிறது என்று நானே சொல்ல மாட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

திரள் எனக்குச் சம்மதம். மறியல் என்பதைக் கலைச்சொல்லாகக் கேட்கவில்லை, எடுத்துக்காட்டுப் பகுதியில் ஹெல்டைவர்ஸுக்கு நேரே ஒரு வரியாக வந்தால் போதும்.

கோவையிலிருந்து:

வசைமழையைக் கைவிட்டேன். திரளுக்கே என் வாக்கு. உற்சாகத்தோடு இல்லை, நேரமாகிவிட்டது என்பதால்.

சேலத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. திரள்மதிப்புரை என்று போட்டு, பக்கத்திலேயே ரிவ்யூ பாமிங் என்று தமிழ் எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். மறியல் வரி சேர்த்தாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் லாஸ்ட் ஆஃப் அஸ்ஸையும் வைத்திருக்கிறேன், ஒரே பெயரில் இரண்டு வேறு காரியம் நடப்பதைப் பிள்ளைகளே வாதாடிக்கொள்ளட்டும். கூடவே 2020 டிசம்பரின் 'சைபர்பங்க் 2077'. வெளியீட்டுக்கு முன் வந்த விமர்சனங்கள் கணினிப் பதிப்பைப் பார்த்து எழுதியவை, பழைய பிளேஸ்டேஷனில் அது ஓடிய லட்சணம் வாங்கியவர்கள் கத்தியபோதுதான் வெளியே வந்தது, சில நாளில் சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. அங்கே திரள் சொன்னதுதான் சரி.

சென்னையிலிருந்து:

வகுப்புக்குத் திரள் இருக்கட்டும் அக்கா. என் கோப்பில் ரிவ்யூ பாமிங் என்றே போகிறது, பொத்தானில் இடம் அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து:

பெரும்பான்மை என்றால் சரி, ஆனால் என் வாக்கு திரளுக்கு இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். திரள் மதிப்புரை வினைத்தொகையா, திரளாகிய மதிப்புரை என்று பண்புத்தொகையா என்று சிங்கப்பூர்த் தம்பி இன்னும் சொல்லவில்லை. மொய்யுரைக்கு அந்தக் குழப்பமே கிடையாது. மொய்யின் வேர் பற்றி நீளமாகவே எழுதி வைத்திருக்கிறேன், குழுவில் போட்டால் திட்டுவீர்கள், வேண்டுபவர்கள் தனிமடலில் கேளுங்கள்.