போர்டில் பெயரை விடுங்கள், நம்பரைப் பாருங்கள்: நெல்லைச் சீமை ரயில் நிலையப் பலகைகள்

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து

சென்னையிலிருந்து லீவுக்கு வருகிறவர்களும், மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் ரயில் ஏறுகிறவர்களும் தலைக்கு மேல் ஓடும் போர்டைப் பார்த்துவிட்டுத் தவறான நடைமேடைக்குப் போவது வாரா வாரம் நடக்கிறது. தெரிந்தவர்கள் அவரவர் தடத்தைப் பற்றி எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும். நான் தொடங்கி வைக்கிறேன்.

போர்டின் ஒரு வரியில் ஐந்து விஷயம் இருக்கும்: வண்டி எண், பெயர், நேரம், ஒற்றை எழுத்து, நடைமேடை எண். எல்லாரும் பெயரைத்தான் முதலில் தேடுகிறோம். சிக்கலே அங்கேதான். 'நெல்லை எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் இரண்டு வண்டி உண்டு. எழும்பூரிலிருந்து இங்கே வருவது 12631, இங்கிருந்து எழும்பூருக்குப் போவது 12632. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அப்படியே. 12634 சென்னைக்குப் போகிற வண்டி, ஆனாலும் போர்டில் 'கன்னியாகுமரி' என்றுதான் ஓடும். 'நான் போக வேண்டியது சென்னைக்கு' என்று ஒதுங்கி நின்றால் வண்டி போய்விடும். குருவாயூருக்கும் இதே கதைதான்: 16127 அங்கே போவது, 16128 சென்னைக்குத் திரும்புவது. நம்ம ஊரைத் தொடும் இந்தச் சென்னை வண்டிகளில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் சென்னையிலிருந்து வருவது, இரட்டைப்படை என்றால் சென்னைக்குப் போவது. இதை மட்டும் மனசில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது அந்த ஒற்றை எழுத்து. ஆங்கிலப் பக்கத்தில் 'ஏ' என்றால் பக்கத்திலிருப்பது வருகை நேரம், 'டி' என்றால் புறப்பாடு. இங்கேயே முடிகிற வண்டிக்கு 'ஏ' மட்டும்தான் வரும். நடுவழி வண்டிக்கு வந்து நிற்கும் வரை 'ஏ', அப்புறம் 'டி'. நேரத்தைப் பார்க்கிற ஆள் இந்த எழுத்தைப் பார்க்காமல் விட்டால் வரும் நேரத்தைப் புறப்படும் நேரமாக எடுத்துக்கொள்வார்.

தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். வண்டிகள் அதிகமானால் ஒரே மொழியிலேயே இரண்டாம் பக்கமும் வரும். 'நம்ம வண்டியைக் காணோம்' என்று ஓடுவதற்கு முன்னால் ஒரு சுற்று முழுசாக முடியட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து

அண்ணாச்சி சொன்ன ஒற்றை இரட்டைக் கணக்கு சரி. அதோடு நாலாவது இலக்கத்தையும் பாருங்கள். 20605 திருச்செந்தூர், 20635 அனந்தபுரி, 20665 வந்தே பாரத். மூன்றும் எழும்பூரிலிருந்து வருபவை, வித்தியாசம் அந்த ஒரே இலக்கம். திரும்பிப் போகையில் 20606, 20636, 20666. புள்ளி விளக்குப் போர்டில் நெடுக ஒரு வரிசை விளக்கு செத்துப்போனால் 6, 8 இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் அதே போர்டில் வேறொரு வரியில் இருக்கும் 8-ஐப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் ஓட்டை இருந்தால் விளக்குதான் கோளாறு. அப்போது அந்தப் போர்டை விட்டுவிட்டு நடைமேடைக்குள் தொங்கும் ஒற்றை வரிப் போர்டைப் பார்ப்பது நல்லது.

நிலையக் குறியீடும் நம்மைச் சுற்றவிடும். திருநெல்வேலிக்கு டி.இ.என்., திருச்செந்தூருக்கு டி.சி.என்., தூத்துக்குடிக்கு வெறும் டி.என். ஆங்கிலப் பக்கத்தில் தூத்துக்குடி இன்னும் 'டூட்டிகோரின்' என்றே வரும். செயலியில் டிக்கெட் எடுக்கும்போது முதல் எழுத்தை மட்டும் தட்டிவிட்டு மேலே வருவதைத் தொட்டால் ஊரே மாறிவிடும்.

கொரோனா காலத்தில் பாசஞ்சர் வண்டிகளுக்கு 0-வில் தொடங்கும் சிறப்பு எண் கொடுத்தார்கள், பின்னால் 5-க்கு மாற்றினார்கள். சின்ன நிலையங்களில் பெயின்டால் எழுதிய நேரப் பலகையில் பழைய எண் அழியாமல் நிற்கும், அதன்மேல் ஒட்டிய காகிதம் மழையில் போயிருக்கும். எழுதிய பலகையில் எந்தெந்த வண்டி நிற்கும் என்பதை மட்டும் பாருங்கள். எண்ணையும் நேரத்தையும் ரயில்வே உதவி எண் 139-இல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

எங்கள் தடத்தில் வேறு மாதிரிச் சிக்கல். செங்கோட்டையிலேயே கிளம்பிச் சென்னைப் பக்கம் போகிற வண்டி மூன்று. பொதிகை 12662, சிலம்பு 20682 இரண்டும் தென்காசியில் வடக்கே திரும்பி, கடையநல்லூர், ராஜபாளையம் வழியாக விருதுநகர் போய்விடும். தாம்பரம் போகிற 20684 மட்டும்தான் தென்காசியிலிருந்து கிழக்கே வந்து, பாவூர்சத்திரம், அம்பை, சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று சுற்றிப் போகும். சிலம்புக்கும் இதற்கும் கடைசி இலக்கம் ஒன்றுதான் வேறு. தென்காசி நடைமேடையில் நிற்கிறவர் 20682-ஐ 20684 என்று வாசித்தால், அம்பையில் இறங்க வேண்டியவர் கடையநல்லூரில் கண்ணை முழிப்பார். போர்டில் வழி போடமாட்டார்கள், அறிவிப்பில் மட்டும் 'வழியாக' என்று இரண்டு ஊர் சொல்வார்கள். அந்த 'வழியாக' காதில் விழும் வரை ஏறாதீர்கள்.

தமிழ் எழுத்து உடைவது தனிக் கொடுமை. கணினி 'செ' என்பதை முதலில் ச, அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் வைத்திருக்கும். அதைத் திரையில் முன்னால் கொண்டுவந்து போட வேண்டியது எழுத்துரு மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத போர்டில் கொம்பு பின்தங்கி அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் 'செங்கோட்டை', 'சேரன்மகாதேவி', 'தென்காசி' மூன்றும் வாசிக்க முடியாமல் போகும். கொம்பில்லாத 'அம்பாசமுத்திரம்' மட்டும் ஓரளவு வாசிக்க வரும். நம்ம மொழியில் எழுதிய பெயரை நம்ம ஊர் ஆத்தாமார் எழுத்துக்கூட்டியும் வாசிக்க முடியவில்லை என்றால் அந்தப் பக்கம் ஓடுவதே வீண். புகார் கொடுக்கிறவர்கள் 'தமிழ் சரியில்லை' என்று பொதுவாக எழுதாமல், எந்த ஊர்ப் பெயர் உடைகிறது என்று படத்தோடு கொடுத்தால்தான் திருத்த வழியிருக்கும்.

கோவில்பட்டியிலிருந்து

தாமத நேரம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாறமாட்டீர்கள். ஒவ்வொரு நிலையத்தையும் வண்டி கடந்த நேரம் கட்டுப்பாட்டு அறை மென்பொருளில் ஏறும். இப்போதைய தாமதத்தை அட்டவணை நேரத்தோடு கூட்டித்தான் அடுத்த நிலையத்துக்கு 'எதிர்பார்க்கும் நேரம்' போடுகிறார்கள். ஆனால் அட்டவணையில் ஆங்காங்கே, முக்கியமாக வண்டி முடியும் ஊருக்கு முன்னால், ஈடுகட்டும் நேரம் சேர்த்து வைத்திருப்பார்கள். அதனால் மணியாச்சியில் அரைமணி தாமதமான வண்டி திருநெல்வேலிக்குள் அட்டவணை நேரத்துக்கே நுழையலாம். அழைத்துப்போக வருகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

ஏறப் போகிறவர்களுக்கு இன்னொன்று. வண்டி அட்டவணை நேரத்துக்கு முன்னால் கிளம்பாது. ஆனால் போர்டில் போட்ட 'எதிர்பார்க்கும் நேரத்துக்கு' முன்னால் வந்து கிளம்பிவிடும், அதற்குத் தடை எதுவும் இல்லை. 40 நிமிடம் தாமதம் என்று போட்டிருந்தால் 20 நிமிடத்துக்கு மேல் வெளியே நிற்காதீர்கள்.

'தாமதம்' வேறு, 'நேரமாற்றம்' வேறு. நேரமாற்றம் என்றால் கிளம்பும் ஊரிலேயே வேறு நேரம் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பகுதி ரத்து இன்னும் ஆபத்தானது. எழும்பூர் வண்டி தாம்பரத்தோடு நிற்கும் நாளிலும் போர்டில் எழும்பூர் என்றே ஓடலாம், ஏனென்றால் பெயர் பழைய பதிவிலிருந்து வருகிறது. ரயில்வேயின் விசாரணைச் செயலியில் ரத்து, பகுதி ரத்து, நேரமாற்றம், மாற்றுப்பாதை என்று தனிப் பட்டியல் இருக்கிறது. கிளம்புமுன் அதில் உங்கள் எண்ணைத் தேடுங்கள்.

வள்ளியூரிலிருந்து

பெட்டி நிற்கும் இடம் காட்டும் குட்டிப் போர்டு பற்றி யாரும் எழுதவில்லையே. 22 பெட்டி என்றால் வண்டியின் நீளம் அரைக் கிலோமீட்டருக்கு மேல், நிற்பதோ ஓரிரு நிமிடம். போர்டை இயக்குகிறவர் பெட்டி வரிசையை இன்ஜினிலிருந்து தொடங்கி ஏற்ற வேண்டும். தலைகீழாக ஏற்றினாலோ, அன்றைக்கு ரேக்கே (பெட்டித் தொடரே) திரும்பி வந்தாலோ, எல்லாப் போர்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிப்போகும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. சென்னைக்குப் போகும் வண்டியின் இன்ஜின் இங்கே நாங்குநேரிப் பக்கம்தான் இருந்தாக வேண்டும், திருநெல்வேலி சந்திப்பில் தாழையூத்துப் பக்கம். இரண்டுமே வடக்குக் கோடி. இன்ஜின் என்று காட்டும் போர்டு எந்தக் கோடியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது தெற்குக் கோடியில் இருந்தால் வரிசை முழுவதும் தப்பு. ரேக் திரும்பி வந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு முந்தைய நிலையத்தில் ஏறியவர் யாரையாவது போனில் கேட்பதுதான் வழி. ஒன்றும் உறுதியில்லை என்றால் நடைமேடையின் நடுவில் நில்லுங்கள், எப்படி வந்தாலும் 11 பெட்டிக்கு மேல் ஓட வேண்டியிருக்காது. கிடைத்த முன்பதிவுப் பெட்டியில் ஏறி உள்ளேயே நடந்து போகலாம். பொதுப் பெட்டியில் ஏறினால் நடுக்கதவு அடைத்திருக்கும், ஏறாதீர்கள். வந்தே பாரத்தில் கதவு தானாக மூடுவதால் எந்த 'சி' பெட்டியானாலும் (சேர் கார்) உடனே ஏறிவிடுங்கள்.

மணியாச்சியிலிருந்து

நடைமேடை மாற்றம் பற்றி ஒரு வார்த்தை. எந்தத் தடத்தில் வண்டியை வாங்குவது என்று நிலைய அதிகாரி முடிவு செய்வார், சிக்னல் போடப்படும், அப்புறம்தான் அறிவிப்பு அறைக்குத் தகவல் போகும். போர்டு மாறுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒரு தடத்தில் சரக்கு வண்டி கிளம்பாமல் நின்றாலே போதும், முடிவு மாறிவிடும். ஆகவே வயசானவர்களோடும் மூட்டை முடிச்சோடும் வருகிறவர்கள் மேம்பாலப் படிக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள், கடைசி அறிவிப்பு வரும் வரை கோடிக்குப் போகாதீர்கள்.

வாராந்திர வண்டியில் கிழமை தப்பும். ஹவுரா–கன்னியாகுமரி 12665-க்குச் சொல்லப்படும் கிழமை ஹவுராவில் கிளம்பும் கிழமை, நம்ம பக்கம் வருவது மூன்றாம் நாள். நள்ளிரவு 00.20 வண்டிக்கு 15-ஆம் தேதி டிக்கெட் என்றால் 14-ஆம் தேதி ராத்திரியே நிலையத்துக்கு வர வேண்டும். போர்டு தேதி காட்டாது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போகவில்லை என்றால் முழுப் பணமும் கிடைக்கும். ஆனால் நீங்கள் ஏற வேண்டிய நிலையத்திலிருந்து வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். (பணத்தைத் திருப்பிக் கேட்கும் மனு) போட்டிருக்க வேண்டும், கவுன்டர் டிக்கெட் என்றால் கவுன்டரில் ஒப்படைத்திருக்க வேண்டும். போர்டில் தாமதம் ஓடும்போதே எண்ணும் நேரமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.