உவர்மலையில் கிடைத்த ஒரு றங்குப்பெட்டி

நவீனக் கட்டடக் கலைஞர்களின் முதல் பதிப்புகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கொழும்புப் பழைய புத்தகக் கடைகளையே சுற்றுகிறார்கள். என் சேகரிப்பில் நான் மிகவும் மதிக்கும் பிரதியோ திருகோணமலை உவர்மலையில், காலமான ஒரு படவரைஞரின் வீட்டைத் துப்புரவு செய்தபோது வெளிப்பட்ட றங்குப்பெட்டியில் இருந்தது. பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களான மக்ஸ்வெல் ஃபிரையும் ஜேன் ட்ரூவும் ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலத்துக்கான கட்டடக்கலையைப் பற்றி எழுதி, 1956இல் லண்டன் பாட்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் வெளியிட்ட நூல் அது. அதே இருவரும் வறண்ட வலயத்தையும் சேர்த்து 1964இல் கொண்டுவந்த நூலை, இதன் முதல் பதிப்பு என்று சொல்லி விற்க முயன்ற வியாபாரியையும் நான் சந்தித்திருக்கிறேன். ஆகவே வாங்குமுன் தலைப்பையும் ஆண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

உவர்மலைப் பிரதிக்கு மேலுறை இல்லை, அட்டையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. விலை பேசுகிறவர்கள் அதைத் தொடவும் மாட்டார்கள். ஆனால் காற்றோட்டத்தை விளக்கும் ஒரு படத்தின் ஓரத்தில், அந்தப் படவரைஞர் கூரிய பென்சிலால் இரண்டு அம்புக்குறிகள் இட்டு, ஒன்றில் கச்சான் (தென்மேற்குக் காற்று) என்றும் மற்றதில் வாடை (வடகிழக்குக் காற்று) என்றும் எழுதி, இறவாரத்தையும் சற்று நீட்டி வரைந்திருந்தார். ஆசிரியர்கள் மேற்கு ஆபிரிக்காவில் பெற்ற அனுபவத்தின் மீது ஒருவர் திருகோணமலையின் காற்றை ஏற்றிப் பார்த்திருக்கிறார். மாசு மறுவற்ற பிரதியைவிட எனக்கு இதுவே மேல்.

நூலுக்கு அடியில் ட்ரேசிங் தாள் வரைபடங்களும், அவர் முன்பு வேலை செய்த கட்டடக் கலைஞர் எழுதிய கடிதங்களும் கிடந்தன. "புத்தகத்தைக் கொண்டு போங்கோ தம்பி, உந்தக் கடதாசியளை எரிக்கத்தான் எடுத்து வைச்சனான்" என்றார் படவரைஞரின் மகள். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்ணான, இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, தம் வாழ்க்கையையும் வேலையையும் பற்றி 1998இல் வெளிவந்த நூலைக் கடிதங்கள், புகைப்படங்கள், பத்திரிகை நறுக்குகள் ஆகியவற்றைக் கொண்டே கோத்திருந்தார் என்று சொல்லி, அதன் சில பக்கங்களைத் தொலைபேசியில் காட்டினேன். எரிக்கும் பேச்சு அத்தோடு நின்றது. (அந்த நூலும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை.)

காகிதங்களை நான் வாங்கவில்லை. வரைபடம் ஒரு கையிலும் அதைப் பற்றிய கடிதம் இன்னொரு கையிலும் போய்விட்டால் இரண்டுமே ஊமையாகிவிடும். கடலோர உப்புக்காற்றில் துருவேறி, தாளையே அரிக்கத் தொடங்கியிருந்த கம்பிக் கிளிப்புகளை மட்டும் மெல்லக் கழற்றினோம். கிழிந்த இடங்களில் செலோடேப் ஒட்டவோ, லமினேட் செய்யவோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பெட்டியில் இருந்த வரிசை குலையாமல் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, வாடைக்கால ஈரம் ஏறாதபடி, வெளிச்சுவரில் சாயாத மர அலுமாரியின் மேல்தட்டில் வைத்தோம். கொழும்பிலுள்ள ஜெஃப்ரி பாவா அறக்கட்டளை, கட்டடக் கலைஞர் பாவாவின் வரைபடங்களைப் பேணிவருவதை அறிந்த பின், இவற்றையும் ஏதேனும் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கலாமா என்று அந்த அம்மா இப்போது தம் சகோதரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்.